பித்ரு கடனும் பிறவாத குழந்தையின் சம்மதமும்

(மாட்டுங்காவில் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2019-ல் மும்பையைச் சேர்ந்த 27 வயது இளைஞர் ஒருவர், தம் சம்மதமில்லாமல் தம்மைப் பெற்றதற்காகத் தாய் தந்தை மீது வழக்குத் தொடரப் போவதாக அறிவித்தார். பெற்றோர் இருவருமே வக்கீல்கள். பிறக்கும் முன்பே சம்மதம் கேட்பது எப்படி என்று மகன் விளக்கினால் தவறை ஒப்புக்கொள்வதாகத் தாயார் பதில் சொன்னார். பலர் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல.

தென்னாப்பிரிக்கத் தத்துவப் பேராசிரியர் டேவிட் பெனடார் 2006-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் வாதம் இது: பிறவாதவனுக்குத் துன்பமில்லை, அது நல்லது; இன்பமும் இல்லை, ஆனால் அதை இழந்து வருந்த அங்கே ஆள் இல்லை. ஆகவே பிறவாமையே மேல். எனக்கு ஒரு சந்தேகம். இன்பத்தை இழந்து வருந்த ஆள் இல்லையென்றால், துன்பமில்லாத நன்மையை அனுபவிக்க மட்டும் ஆள் எங்கிருந்து வந்தார்? ஆகவே பிள்ளை பெறுவது பாவம் என்று இந்த வாதத்தால் நிரூபிக்க முடியாது.

அதே தர்க்கம் நம்மையும் கட்டுப்படுத்தும். 'இந்த உலகத்தில் ஒரு குழந்தையா?' என்று தயங்கும் தம்பதியால் எந்தக் குழந்தைக்கும் அநியாயம் நேரவில்லை. அப்படியிருக்க, கல்யாண வீடுகளில் 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று அவர்களைத் துளைப்பது ஏன்? பிள்ளைக்காக ஏங்கி வைத்தியம் பார்ப்பவர்களையும் அந்தக் கேள்வி குத்துகிறது.

பித்ரு கடன் என்னாவது என்பீர்கள். தைத்திரீய சம்ஹிதை அதைச் சந்ததியால் தீர்க்கவே சொல்கிறது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் கடன் அவரவருடையது. வசூல் அதிகாரியாக நம்மை யாரும் நியமிக்கவில்லை.

பிறந்துவிட்ட குழந்தைக்குச் செய்ய வேண்டியதில்தான் சந்தேகமே இல்லை. தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். இத்தகைய வங்கிகளில் தாய்மார்கள் தரும் பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்துச் சுத்தம் செய்து, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். யார் பெற்ற குழந்தை என்று பால் பார்ப்பதில்லை.

இளைஞர்கள் பெற்றுக்கொண்டால் ஆசீர்வதிப்போம். தயங்கினால் அவர்களை விட்டுவிடுவோம். வந்து சேர்ந்த குழந்தை எவருடையதானாலும், அதன் பாலுக்கும் படிப்புக்கும் நம்மால் ஆனதைச் செய்வோம்.