நல்ல கொலஸ்டிரால் – ஒரு பொறியாளன் பார்வையில்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நான் டாக்டர் இல்லை. பாய்லரோடு குடித்தனம் நடத்துகிற மெக்கானிக்கல் ஆள். ஆனால் எங்க செட்டில் எல்லாருக்கும் 35 தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் சந்தித்தால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பற்றித்தான் பேச்சு. "எனக்கு எச்.டி.எல். 60 இருக்குடா, பயமில்லை" என்கிறான் ஒருவன். "எனக்கு 32தான், கூட்டறதுக்கு மாத்திரை இருக்கா?" என்கிறான் இன்னொருவன். இந்த இரண்டு பேருக்காகத்தான் இந்தப் பேச்சு.

கொலஸ்டிரால் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் புரதம் கலந்த சிறு பொட்டலங்களில் ஏறித்தான் பயணம் செய்யும். எல்.டி.எல். அதை ரத்தக்குழாய்ச் சுவரில் படியவிடும். எச்.டி.எல். கொஞ்சத்தை அங்கிருந்து எடுத்து ஈரலுக்குக் கொண்டுபோகும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948-ல் தொடங்கிய ஆய்வு, எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1977-ல் காட்டியது. 'நல்ல கொலஸ்டிரால்' என்ற பெயர் நிலைத்தது.

அப்படியானால் மாத்திரையால் அதைக் கூட்டினால் போதுமே? அதையும் செய்து பார்த்தார்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது. கூடவே சாவும் கூடியது! 2006 டிசம்பரில் சோதனையே நின்றது. நியாசினை 25,000-க்கு மேற்பட்டோரிடம் சோதித்த முடிவு 2014-ல் வந்தது. அதிலும் பலன் இல்லை, பக்கவிளைவுதான் மிச்சம்.

நம்ம பாஷையில் சொல்கிறேன். பாய்லரின் பிரஷர் கேஜில் முள் அபாயக் கோட்டில் நிற்கிறது. முள்ளை மட்டும் கையால் திருப்பிவைத்தால் அழுத்தம் குறையுமா? எச்.டி.எல். பெரும்பாலும் அந்த முள்தான். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே போனால், சிகரெட், தொப்பை, சர்க்கரை, உட்கார்ந்தே செய்யும் வேலை என்று பின்னால் ஏதோ இருக்கிறதா என்று தேடவேண்டும்.

நாம் திருகவேண்டிய வால்வு எல்.டி.எல். 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதயநோயாளிகள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 35 சதவீதம் இறங்கியது, சாவு 30 சதவீதம் குறைந்தது.

எனவே 60 வைத்திருக்கும் நண்பா, எல்.டி.எல். எவ்வளவு என்று பார். கூடுதலாக இருந்தால் நாளைக்கே டாக்டரிடம் போ. 32 வைத்திருக்கும் நண்பா, சிகரெட்டை விடு, தினமும் வேகமாக நட, தொப்பையைக் குறை. எண் கொஞ்சம்தான் ஏறும். இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிசு. தம்பிகளே, ஹாஸ்டலுக்குப் பின்னால் புகை விடுகிறவர்களுக்கும் இதேதான்!

நமது 25-ஆம் ஆண்டுச் சந்திப்புக்கு இதே செட் முழுசாக வந்து சேரவேண்டும்.