பிள்ளைக்கு ஒரு பாத்தி

2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல், கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னை, பலா எல்லாத்தையும் சாய்ச்சிட்டுப் போச்சு. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய தோப்பு நிழல் தெரியாது, செல்போன்தான் தெரியும்.

அதனால, வீட்டைச் சுத்தி முழுக்கச் சிமென்ட் போட்டு மூடிடாதீங்க. தண்ணி போற இடத்துல ஒரு பாத்தி விடுங்க. முருங்கைப் போத்து, அவரை விதை எல்லாம் பிள்ளையே ஊனட்டும். முதல்ல சிறுகீரை போடச் சொல்லுங்க. 25 நாள்ல பறிச்சிடலாம். பிள்ளையோட பொறுமை அவ்வளவுதான்! தட்டுல கீரையை ஒதுக்குறதுகூட, தான் வளர்த்ததைக் கேட்டு வாங்கித் திங்கும். கை அழுக்காகுதுன்னு அதட்டாதீங்க, கழுவினா போயிடும்.

பலா விதை போட்டா, காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும். அதையும் இப்பவே ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.