இருதயத்தைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு

(யூபிலி விழாவையொட்டி நடந்த உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உப்பு, புகை, கொலஸ்டிரால் இவை பற்றி நீங்கள் பலமுறை கேட்டாயிற்று. ஆகவே அதிகம் பேசப்படாத ஒன்றை இன்று எடுத்துக்கொண்டேன். இருதயத்தின் மேலேயே படிந்திருக்கும் கொழுப்பு.

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் திரு இருதயப் படத்தில் இருதயம் செக்கச் செவேலென்று இருக்கும். நெஞ்சைத் திறக்கும் அறுவை மருத்துவர் காண்பதோ பல வேளைகளில் மஞ்சள் படர்ந்த இருதயம். 1975ஆம் ஆண்டு சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் அவர்கள் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அன்று முதல் நம் நாட்டு மருத்துவர்கள் இந்த மஞ்சளை விலக்கித்தான் இரத்தக் குழாயைத் தேடுகிறார்கள். கறிக்கடையில் ஆட்டு இருதயத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும்.

இந்தக் கொழுப்பு எல்லாருக்கும் உண்டு. ஓரளவு இருக்கவும் வேண்டும். ஓயாமல் துடிக்கும் தசைக்கு அது எரிபொருள் தருகிறது, குழாய்க்கு மெத்தையாக இருக்கிறது. அளவு மீறித் தடித்துவிட்டால்தான் தொல்லை. தசைக்கும் இந்தக் கொழுப்புக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களோ இதற்குள்ளேயே புதைந்து ஓடுகின்றன. தடித்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை; அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரக்கிறது. அவை நேரே குழாயின் சுவருக்குப் போய்ச் சேருகின்றன. குழாய் உள்ளிருந்துதான் அடைபடுகிறது என்று எண்ணியிருந்தோம். வெளியிலிருந்தும் அதற்குத் தூண்டுதல் வருகிறது போலும்.

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்களின் இருதயக் கொழுப்பையும் அவர்களுடைய காலில் இருந்த கொழுப்பையும் ஒப்பிட்டார்கள். ஒரே மனிதர், ஒரே சாப்பாடு. இருந்தும் இருதயக் கொழுப்பில் அழற்சிப் பொருள்கள் மிக அதிகமாக இருந்தன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிலருக்குக் குழாயின் ஒரு துண்டு கொழுப்பை விட்டுத் தசைக்குள் நுழைந்து மறுபடி வெளியே வரும். தசைக்குள் ஓடும் அந்தத் துண்டில் அடைப்பு அரிது. கொழுப்பில் கிடக்கும் பகுதியில்தான் வருகிறது. தசையின் இறுக்கமே அதற்குக் காரணம் என்பாரும் உளர். கொழுப்பு குற்றவாளியா, குற்றவாளியோடு கூட வரும் ஆளா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கூட வரும் ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அவன் தெருமுனையில் தெரிந்தால் கதவைச் சாத்த வேண்டாமா?

“நான் ஒல்லி, எனக்கென்ன?” என்று சிலர் நினைக்கலாம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் உடம்பையே அளந்து வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, நம்மவர் உடம்பில் 21.2! கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு நமக்குப் புதிதல்ல. சென்னையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. அதில் 100க்கு 11 பேருக்கு இருதயக் குழாய் நோய் இருந்தது.

ஆகவே தராசை நம்ப வேண்டாம், இடுப்பை அளவுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் உள்ளேயும் கொழுப்பு சேர்கிறதென்று கொள்ளலாம். எக்கோ பரிசோதனையில் இது தெரியும் என்பதற்காக எல்லாரும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. டென்மார்க்கில் வயிறு பெருத்த 50 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இருதயக் கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பளு தூக்கியவர்களுக்குக் கால் பங்கு. தறியில் நாள் முழுதும் உட்காருகிறவர்களும் கடையில் கல்லாவில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கைக்கு வேலை இருக்கிறது, உண்மை. மூச்சுக்கு வேலை இல்லையே! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நான் பழிக்க வரவில்லை. எனக்கும் பிடிக்கும். விருந்தாளி வரும்போது போதும்.

கடைசியாக ஒன்று, இதைத் தாய்மார்கள் முக்கியமாகக் கேளுங்கள். நடுநெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. இதை “வாயு” என்று சொல்லி, ஓமத் தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று படுக்க வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டும் வரலாம். தசை சாகத் தொடங்கியபின் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள், நோயாளியை நடக்க விடாதீர்கள், இருசக்கர வண்டியில் நடுவே உட்கார வைத்தும் கொண்டுபோகாதீர்கள்.

வாசலில் அருட்சகோதரிகள் தையல் நாடாவோடு இருக்கிறார்கள். ஆண்களுக்கு இடப்பக்க மேசை, பெண்களுக்கு வலப்பக்கம். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.