காட்டுவதும் கொடுப்பதும்: செயற்கூறு பாடத்தில் நான் கற்றது

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வரையறை, வகைகள் என்று பலகையில் எழுதி உங்களைத் தூங்க வைக்கப்போவதில்லை. மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறவள் நான். 'செயற்கூறு' பாடத்தில் நான் செய்த ஒரு தவற்றையும், அதன்பிறகு மாற்றிக்கொண்ட முறையையும் சொல்ல வந்திருக்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். இது நமக்கானது இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லப்போவதில் பாதிக்குக் கணினியே தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். செயற்கூற்றின் வரையறை, தொடரியல், அளபுரு, செயலுருபு எல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆய்வகத்தில் இரண்டு எண்களைக் கூட்டும் செயற்கூறு ஒன்றை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதினாள். செயற்கூற்றுக்குள்ளேயே பிரிண்ட் போட்டு விடையைத் திரையில் காட்டியிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டு, "இதே செயற்கூற்றைப் பயன்படுத்தி இரண்டு மதிப்பெண்களின் சராசரியைக் கண்டுபிடி" என்றேன். 40, 60 என்ற இரு எண்களைக் கொடுத்து அந்தச் செயற்கூற்றை அழைத்து, வருவதை 2 ஆல் வகுக்கும்படி எழுதினாள். இயக்கினாள். திரையில் 100 வந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தியும் வந்தது.

"மிஸ், நூறு வந்துச்சே! அப்புறம் ஏன் தப்புன்னு சொல்லுது?" என்று கேட்டாள்.

அருமையான கேள்வி. ஆனால் அன்று எனக்கு நேரமில்லை. "ரிட்டர்ன் போடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்கு நகர்ந்துவிட்டேன். அவளும் போட்டாள். நிரல் ஓடியது. செய்முறைக் குறிப்பேட்டில் கையொப்பமும் இட்டேன்.

சில வாரங்கள் கழித்துக் குறிப்பேடுகளைத் திருத்தும்போது, அவள் ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் சிறிதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். "ரிட்டர்ன் போடணும். ஏன்னு தெரியாது. மிஸ் சொன்னாங்க."

அந்த வரி என்னை உறுத்தியது. யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் வகுப்பில் கேள்வி கேட்பதையே நிறுத்தியிருந்தாள். தேவையே இல்லாத இடங்களிலும் ரிட்டர்ன் எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வில் அவளுக்கு மதிப்பெண் வந்துவிடும். ஆனால் ஏன் என்று கேட்ட பிள்ளையை, ஏன் என்று கேட்கத் தேவையில்லை என்ற இடத்துக்கு நான் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

அதன்பிறகு இந்தப் பாடத்தை வேறு வரிசையில் நடத்துகிறேன்.

முதல் மாற்றம்: எழுத வைப்பதற்கு முன் பயன்படுத்த வைக்கிறேன். செயற்கூறு என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் பல செயற்கூறுகளைப் பயன்படுத்தியிருப்பார்கள். பிரிண்ட் ஒரு செயற்கூறு. இன்புட் ஒரு செயற்கூறு. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்தபோது ஒவ்வொரு நிரலிலும் எழுதிய மெயின் என்பதும் செயற்கூறுதான். ஆகவே முதல் வகுப்பில் லென், மேக்ஸ், ரவுண்ட் ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து விளையாட விடுகிறேன். "இதற்கு என்ன கொடுத்தாய்? அது உனக்கு என்ன கொடுத்தது?" இந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கிறேன். மேக்ஸ் எப்படிப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே நம்பிப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்த முடிவதுதான் செயற்கூற்றின் முதல் பயன்.

இரண்டாவது மாற்றம்: தேவையை முதலில் உணர வைக்கிறேன். பைத்தானுடன் டர்ட்டில் என்ற வரைபட வசதி சேர்ந்தே வருகிறது. அதில் ஒரு சதுரம் வரையச் சொல்வேன். பிறகு அதே சதுரத்தைத் தள்ளித்தள்ளி ஐந்து இடங்களில் வரையச் சொல்வேன். பிள்ளைகள் வெட்டி ஒட்டி நீளமான நிரல் எழுதுவார்கள். முடித்தவுடன், "பக்க அளவை 50 இலிருந்து 70 ஆக மாற்று" என்பேன். அப்போதுதான் வகுப்பில் ஒரு முனகல் எழும். ஒருவன் பதினெட்டு இடத்தில் மாற்றி இரண்டை விட்டிருப்பான், சதுரம் கோணலாக நிற்கும். அந்த நேரத்தில், "சதுரம் என்று ஒரே சொல்லில் சொன்னால் அது வரைந்துவிட வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?" என்று கேட்டால், செயற்கூறு அவர்களுக்கு வேண்டிய பொருளாகிவிடுகிறது.

டர்ட்டிலின் மூலம் 1967-இல் உருவான லோகோ என்னும் கணினி மொழியில் இருக்கிறது. சிறுவர்களுக்காக அதை உருவாக்கியவர்களில் சேமோர் பேப்பர்ட் ஒருவர். அதில் ஒரு குழந்தை சதுரம் வரையும் முறையை எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்தால், கணினிக்கு ஒரு புதிய சொல்லைக் கற்றுக்கொடுத்ததாகப் பொருள். கற்கிற பிள்ளையே அங்கே ஆசிரியர். இந்த எண்ணத்தை நான் வகுப்பில் அப்படியே பயன்படுத்துகிறேன். "கணினிக்குச் சதுரம் என்றால் தெரியாது. நீ கற்றுக்கொடு."

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பைத்தான் 3-இல் செயற்கூற்றுக்கும் மாறிக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். டெஃப், ரிட்டர்ன், இஃப் போன்ற சிறப்புச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் 'சதுரம்', 'கூட்டு' என்ற பெயர்கள் தமிழில் இருந்தால் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஒருங்குறியில் தட்டச்சு செய்ய வேண்டும், பாமினி போன்ற பழைய எழுத்துரு இதற்கு உதவாது. பெயரின் நடுவே இடைவெளி கூடாது, வேண்டுமானால் அடிக்கோடு இடலாம். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு, எது கணினியின் சொல், எது தான் வைத்த பெயர் என்ற வேறுபாடு பார்த்தவுடனே விளங்கிவிடுகிறது. பழகியபின், தேர்வுக்காகப் பாடநூலில் உள்ளபடி ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்றாவது மாற்றம்தான் அந்த மாணவியின் கேள்விக்கான விடை. காட்டுவது வேறு, கொடுப்பது வேறு.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் வீட்டுக் கதை. தம்பியைக் கடைக்கு அனுப்பிப் பால் வாங்கி வரச் சொல்கிறோம். போய்விட்டு வந்து, "வாங்கிட்டேன்" என்கிறான். பால் எங்கேடா என்றால், "கடையிலேயே வச்சுட்டு வந்துட்டேன்" என்கிறான். வாங்கியது உண்மைதான். ஆனால் அடுப்பில் வைக்க நம் கையில் பால் இல்லை. பிரிண்ட் மட்டும் உள்ள செயற்கூறும் அப்படித்தான். நூறு என்பதை நம் கண்ணுக்குக் காட்டியது. ஆனால் அழைத்த இடத்துக்கு அது எதையும் கொண்டுவரவில்லை. கொண்டுவராதபோது பைத்தான் அந்த இடத்தில் 'நன்', அதாவது ஒன்றுமில்லை, என்று வைத்துக்கொள்ளும். ஒன்றுமில்லாததை இரண்டால் வகுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? அதுதான் அன்று வந்த சிவப்பு எழுத்து.

கதையோடு விடாமல் நடித்தும் பார்க்கிறோம். ஒரு பிள்ளை வகுப்பறைக்கு வெளியே நிற்கும். அதன் பெயர் 'கூட்டு'. உள்ளே இருப்பவர் இரண்டு எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவார். முதல் முறை, வெளியே நிற்கும் பிள்ளை விடையை வராந்தா பலகையில் எழுதிவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டும். வராந்தாவில் போகிறவர்களுக்கெல்லாம் விடை தெரியும், உள்ளே இருப்பவரால் மட்டும் அடுத்த கணக்கைச் செய்ய முடியாது. இரண்டாம் முறை, விடையைச் சீட்டில் எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த விளையாட்டை ஐந்தாம் வகுப்பிலேயே ஆடலாம். கூட்டலுக்குப் பதில் பரப்பளவு, சுற்றளவு என்று மாற்றிக்கொண்டால் கணக்குப் பாடமும் நடந்துவிடும்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1949-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. நிரல் எழுதுவதில் எவ்வளவு பிழை வருகிறது என்று அங்கிருந்தவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். ஆகவே ஒருமுறை எழுதிச் சரிபார்த்த நிரல் துண்டுகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் ஒரு நூலகமாகச் சேர்த்து வைத்தார்கள். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் இதைப் பற்றி 1951-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று என்ன தெரியுமா? வேலை முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பி வருவது எப்படி என்பதுதான். அதற்கு வீலர் கண்ட வழிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அறிஞர்கள் யோசித்துத் தீர்த்த இடத்தில் நம் பிள்ளை தடுமாறினால், அதை அறியாமை என்று ஒதுக்கலாமா?

நான்காவது மாற்றம்: விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் ஓர் அட்டை எழுத வேண்டும். அட்டையில் மூன்றே வரிகள். பெயர், வாங்குவது, தருவது. ஓர் உதாரணம் சொல்கிறேன். பெயர்: வருகைச்_சதவீதம். வாங்குவது: வந்த நாள்கள், வேலை நாள்கள். தருவது: சதவீதம். இந்த மூன்றையும் எழுத முடியாத பிள்ளைக்கு நிரலும் எழுத வராது. எழுதிவிட்டால் டெஃப் வரியும் ரிட்டர்ன் வரியும் தாமாகவே கிடைத்துவிடும்.

அட்டையின் பின்பக்கம், விடை தெரிந்த இரண்டு கணக்குகளை எழுதச் சொல்வேன். 220 நாளில் 220 நாளும் வந்தால் 100. 110 நாள் வந்தால் 50. நிரல் எழுதியதும் இவற்றைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு மாணவன் எண்களை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டான். 180 நாள் வந்தவனுக்கு 81.8 வர வேண்டிய இடத்தில் 122.2 என்று வந்தது. "மிஸ், லீவு நாள்லயும் வந்திருக்கான்!" என்று வகுப்பே சிரித்தது. செயலுருபுகளின் வரிசை முக்கியம் என்று அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னொரு பிள்ளை வேலை நாள் பூச்சியம் என்று கொடுத்துப் பிழையை வரவழைத்தாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பு கணக்கிட்டால் என்ன ஆகும் என்பது அவள் கேள்வி. அதற்கு ஓர் இஃப் சேர்த்தோம்.

வழக்கமாக வரும் இடறல்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். செயற்கூற்றை எழுதிவிட்டு அழைக்க மறந்துவிடுவார்கள். திரை வெறுமையாக இருக்கும். சமையல் குறிப்பு எழுதி வைத்தால் வயிறு நிறையாது என்று சொன்னால் போதும். பெயரை எழுதி அடைப்புக்குறியை விட்டுவிடுவார்கள். அது பெயரைக் குறிப்பிடுவது மட்டுமே, அழைப்பது ஆகாது. செயற்கூற்றுக்குள் உருவாக்கிய மாறியை வெளியே தேடுவார்கள். வரையெல்லை என்ற பாடம் அப்போது வர வேண்டும், அதற்கு முன் வேண்டாம்.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் நீங்கள் 'சார்பு' என்கிறீர்கள். நாங்கள் 'செயற்கூறு' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் இரண்டு பெயர் இருப்பதால் பிள்ளைகள் இவற்றை உறவில்லாதவை என்று நினைக்கிறார்கள். ஓர் உள்ளீடு கொடுத்தால் ஒரு வெளியீடு என்ற உங்கள் அம்புக்குறிப் படத்தை வரைந்துதான் இப்போது நான் ரிட்டர்னையே தொடங்குகிறேன். படம் வரைவது போன்ற வேலைகளைச் செய்யும் செயற்கூறுகள் எதையும் திருப்பித் தராமலும் இருக்கலாம். அந்த வேறுபாட்டையும் அங்கேயே பேசிவிடலாம்.

இந்த முறைக்குக் கூடுதலாக இரண்டு மூன்று பாடவேளைகள் ஆகின்றன என்பதை மறைக்கவில்லை. பாடப்பகுதி முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பின்னால் வரும் நிரல்களில் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

அந்த மாணவியிடம் பள்ளி முடியும் முன் ஒருநாள் பால் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றாள். சொல்லியிருக்கலாம். அன்று ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும்.

நம் வகுப்பில் நிரல் ஓடாதபோது வருகிற பிள்ளையைவிட, நிரல் ஓடியபிறகும் 'ஏன்?' என்று கேட்டு வருகிற பிள்ளைக்கு நேரம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் அந்த மூன்று வரி அட்டையை முயன்று பாருங்கள். எங்கே சரிப்பட்டு வரவில்லையோ, அதை அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லுங்கள். நானும் மாற்றிக்கொள்கிறேன்.