வேருக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்



 

2021ஆம் ஆண்டை நம் விவசாயிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டும், உரிய வேளையில் உரம் வயலுக்கு வந்துசேரவில்லை. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வேளாண்மை செய்யும் குடும்பங்களுக்கு அதன் வலி தெரியும்.

அந்தப் பயிர் எதற்காக ஏங்கி நின்றது? பெரிதும் நைதரசனுக்காகவே. யூரியாவில் 100க்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆனால், நாம் சுவாசிக்கும் காற்றிலோ 100க்கு 78 பங்கு நைதரசன்தான்! கடலில் மிதப்பவன் தாகத்தால் தவிப்பதைப் போல, நைதரசனுக்குள் நின்றுகொண்டே நெற்பயிர் நைதரசனுக்காக வாடுகிறது. காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியாலும் அவற்றைத் தானாகப் பிரித்தெடுக்க முடியாது. ஜேர்மனிய விஞ்ஞானி ஹேபர் 1909ஆம் ஆண்டில் அதற்கொரு வழியைச் செய்துகாட்டினார். அவ்வழியில் இயங்கும் தொழிற்சாலைகளுக்கு 400 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமும், வளியமுக்கத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான அமுக்கமும் வேண்டும்.

அதே வேலையை, நம் வீட்டு மண்ணில், கண்ணுக்குத் தெரியாத றைசோபியம் என்னும் பற்றீரியா ஓசையின்றிச் செய்கிறது. படைத்தவனின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்!

பயறு, கௌபி, கச்சான் போன்ற அவரைக் குடும்பச் செடிகளின் வேர், ஒருவகைப் பொருளை மண்ணில் கசியவிட்டு இப்பற்றீரியாவை அழைக்கிறது. பற்றீரியாவும் தன் அடையாளத்தைத் தெரிவிக்கிறது. அடையாளம் பொருந்தினால்தான் வேர் வழிவிடும். பின்னர் வேரில் சிறுகணுக்கள் உண்டாகின்றன. செடி தான் உண்டாக்கிய வெல்லத்தில் ஒரு பங்கை அங்கே அனுப்புகிறது. பற்றீரியா காற்றின் நைதரசனைச் செடிக்கேற்ற உணவாக்கிக் கொடுக்கிறது. இதனையே ஒன்றிய வாழ்வு என்கிறோம்.

வாலிபர்களே! இவ்வுறவில் கணக்கும் உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சோயா அவரையின் சில சிறுகணுக்களுக்கு நைதரசன் கிடைக்காமற் செய்தார்கள். வேலை நின்ற அச்சிறுகணுக்களுக்குச் செல்லும் ஒட்சிசனைச் செடி குறைத்துவிட்டது. அங்கே பற்றீரியாவின் பெருக்கமும் ஏறத்தாழப் பாதியாயிற்று. கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பெறுவதை மட்டும் எதிர்பார்க்க வேருக்குள்ளும் இடமில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். அளவுக்கு மிஞ்சி யூரியா இட்ட மண்ணில் அவரைச் செடி சிறுகணுக்களை அதிகம் உண்டாக்குவதில்லை. கையில் இலகுவாகக் கிடைப்பதால் அயலவனின் உறவைத் தேடாமல் விட்டுவிடுகிறது. நமது குணமும் சில வேளைகளில் இதுவல்லவா?

நெல்லுக்கு இச்சிறுகணுக்கள் இல்லை. அவ்வுறவின் பயன் அதற்குச் சுற்றுவழியாகவே சென்று சேர வேண்டும். போகங்களுக்கு இடையில் பயறு விதைக்கலாம். காயைப் பறித்துக்கொண்டு செடியை வயலிலேயே உழுதுவிட வேண்டும். வேரோடு பிடுங்கி அகற்றினால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பமே. சணலைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவின் தழையை வெட்டி வயலில் இடலாம். அதுவும் அவரைக் குடும்பமே. நீர்நிற்கும் வயலில் அசோலா வளர்க்கலாம். அதன் இலைக்குள்ளும் நைதரசன் சேர்க்கும் நுண்ணுயிர் குடியிருக்கிறது.

இவற்றால் ஒரே போகத்தில் யூரியாவை முற்றாக நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. அவ்வாறு அவசரப்பட்டதன் விளைவைத்தான் 2021இல் கண்டோம். மண்ணோடு கொள்ளும் உறவு ஆண்டாண்டாக வளர்க்கப்படுவது. ஆணை பிறப்பித்து ஓரிரவில் அதனை அழைக்க முடியாது. யூரியா மூடையை மட்டும் நம்பி அவ்வுறவை மறந்திருந்ததும் தவறு; மாற்றை ஆயத்தம் செய்யாமல் மூடையைப் பறித்ததும் தவறு.

பெற்றோர்களே! அடுத்த முறை கச்சான் பிடுங்கும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். வேரை நீரில் கழுவி, ஒரு சிறுகணுவை நகத்தால் பிளந்து காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் அது உழைக்கும் சிறுகணு. நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒத்த ஒரு பொருளே அந்நிறத்தைத் தருகிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை. புத்தகத்தில் படித்ததைப் பிள்ளை அன்று தன் கையாலேயே அறிந்துகொள்ளும்.

மண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றதைவிடச் செழிப்பாக அதனைப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.