குழாய்க்குள் புகுந்த காற்று
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"கல்வியால் உயர்வோம்" என்ற தலைப்பில் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். அந்தத் தலைப்பில் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே நாலைந்து பேர் அமர்ந்திருக்கிறார்கள். நான் விமானம் பழுது பார்க்கும் துறையில், அதிலும் ஹைட்ராலிக் என்ற பகுதியில் வேலை செய்கிறவன். எனக்குத் தெரிந்தது குழாயும் எண்ணெயும் ரப்பர் வளையமும்தான். அதைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ஹைட்ராலிக் என்றதும் ஏதோ பெரிய சங்கதி என்று யாரும் பயப்பட வேண்டாம். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் டிரைவர் எப்படிக் கொட்டுகிறார்? ஒரு கம்பியைத் தள்ளுகிறார். டிரெய்லரின் முன்பக்கம் தானாக எழும்புகிறது. பத்து ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரத்தை ஒரு விரல் தூக்குகிறது. குழாய்க்குள் அடைபட்ட எண்ணெயை ஒரு முனையில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும். பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் சொல்லிவைத்த விதி இது. விமானத்திலும் இதே விதிதான். சக்கரக் கால்களை மடக்குவது, பிரேக் பிடிப்பது, இறக்கையின் பின்புற மடிப்பை இறக்குவது, வாலைத் திருப்புவது எல்லாம் பெரும்பாலான பெரிய விமானங்களில் எண்ணெய் அழுத்தத்தின் வேலை.

அழுத்தத்தின் அளவில்தான் வித்தியாசம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற விமானங்களின் ஹைட்ராலிக் குழாயில் 3000 பவுண்டு. அதாவது ஒரு தபால்தலை அளவுள்ள இடத்தின் மேல் ஏறக்குறைய 1360 கிலோ ஏறி உட்கார்ந்த மாதிரி. ஏர்பஸ் 380 விமானத்தில் அது 5000 பவுண்டு.

இனி காற்றுக்கு வருவோம். இங்கே லாரி பட்டறையில் வேலை பார்த்த அண்ணன்மார்கள் இருப்பீர்கள். பிரேக் ஆயில் மாற்றினால் உடனே லாரியை எடுக்க முடியுமா? முடியாது. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறப்பார். "மிதி… பிடி… விடு" என்று குரல் கொடுத்துக் கொடுத்துக் காத்து எடுப்பார்கள். காத்து எடுக்காமல் போனால் என்ன ஆகும்? பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

ஏன் அப்படி? இதோ இரண்டு ஜோடி சிரிஞ்சு கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய். முதல் ஜோடியில் தண்ணீர் மட்டும். இரண்டாவது ஜோடியில் தண்ணீரோடு கொஞ்சம் காற்று. நாலாம் ஆண்டு தம்பி ஒருத்தர் மேலே வாங்க.

(மாணவர் ஒருவர் மேடைக்கு வந்து இரண்டையும் அழுத்திக் காட்டினார்.)

பார்த்தீர்களா? முதல் ஜோடியில் இந்தப் பக்கம் அழுத்தின அதே நொடியில் அந்தப் பக்கம் அசைந்தது. இரண்டாவதில், தம்பி பாதி தூரம் அழுத்திய பிறகும் அந்தப் பக்கம் சும்மா இருந்தது. எண்ணெயையோ தண்ணீரையோ நசுக்கிச் சிறியதாக்குவது மிகக் கடினம். காற்று அப்படியில்லை, அழுத்தினால் சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். தம்பி போட்ட பலமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிட்டது. விமானி பிரேக்கை மிதிக்கும்போது அப்படி ஆனால் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதோடு தொல்லை தீரவில்லை. பம்புக்குள் காற்று புகுந்தால் கூழாங்கல்லை உருட்டியதுபோல் சத்தம் வரும். அப்படியே ஓடவிட்டால் பம்பு தன்னைத் தானே அரித்துத் தின்றுவிடும்.

விமானத்தில் காற்று எடுக்கும் முறை லாரியை அதிகம் விட்டு விலகியதல்ல. பிரேக்கில் உள்ள சிறு வால்வில் கண்ணாடிபோல் தெரியும் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் உள்ள ஜாடிக்குள் முக்கி வைக்கிறோம். அழுத்தம் கொடுத்து வால்வைத் திறந்தால் எண்ணெயோடு குமிழிகள் வரும். முதலில் பெரிது, பிறகு சிறிது, பிறகு கடுகு மாதிரி. குமிழியே இல்லாமல் எண்ணெய் சீராக வரும்வரை விடக்கூடாது. "வந்திடுச்சு, போதும்" என்று சொல்லத் தோன்றும் நேரம் ஒன்று உண்டு. அப்போதுதான் கடுகுக் குமிழி வந்துகொண்டிருக்கும். மற்றப் பகுதிகளில் வேறு முறை. சக்கரக் கால்களையும் மடிப்புகளையும் முழுதாகப் பலமுறை ஏற்றி இறக்கினால், காற்று எண்ணெயோடு திரும்பித் தொட்டிக்குப் போய்ப் பிரிந்துவிடும். பிறகு தொட்டியின் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும். அதையும் கண்டபடி பார்க்க முடியாது. கால் எந்த நிலையில், மடிப்பு எந்த நிலையில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்று கையேடு சொல்லும். உருளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் எண்ணெய் தொட்டியில் தெரியாதல்லவா?

எண்ணெய் என்றேன், அதிலும் சாதி உண்டு. இது மட்டும் நியாயமான சாதி வேறுபாடு. பெரிய பயணி விமானங்களில் ஊதா நிறத் திரவம். எளிதில் தீப்பற்றாது. ஆனால் சாயத்தை உரித்துவிடும், தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் மிளகாய்த்தூள் பட்டதுபோல் துடிக்க வேண்டியதுதான். பல சிறிய விமானங்களில் சிவப்பு நிறக் கனிம எண்ணெய். இரண்டையும் கலக்கக் கூடாது. ஒன்றுக்கு ஏற்ற ரப்பர் வளையம் இன்னொன்றில் ஊறிக் கெட்டுவிடும். ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெய் கலந்த நீல நிறத் திரவம் ஒன்று இருந்தது. அதற்கு நம் பால்மரத்து இயற்கை ரப்பர் வளையங்களைத்தான் போட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் விமான டயரில் இன்றைக்கும் இயற்கை ரப்பருக்குப் பெரிய பங்கு உண்டு. விடியற்காலையில் மங்கு கவிழ்த்து மரம் வெட்டிய நம் தாய்மார்களின் உழைப்பு ஆகாயத்திலிருந்து வந்து இறங்கும்போது முதலில் தரையைத் தொடுகிறது என்று சொன்னால் அது பொய்யில்லை.

பாலைச் சல்லடையில் வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள், தூசி தும்பு போகக்கூடாது என்று. எங்கள் தொழிலிலும் அதே கதை. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் ஒன்று வால்வின் இடுக்கில் மாட்டினால் வால்வு நின்ற இடத்தில் நின்றுவிடும். ஒரு குழாயைக் கழற்றினால் அடுத்த நிமிடமே அதன் வாயை மூடி போட்டு அடைக்க வேண்டும். தரையில் நின்று அழுத்தம் கொடுக்கும் வண்டியை விமானத்தில் மாட்டும் முன், அந்த வண்டியின் எண்ணெய் சுத்தமா என்று பார்க்க வேண்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதிலுள்ள சிறு சிவப்புப் பொத்தான் வெளியே எட்டிப் பார்க்கும். அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுப் போவது மெக்கானிக் வேலையல்ல. வடிகட்டியைக் கழற்றி, உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பித்தளைத் தூள் மின்னினால் பம்பு உள்ளுக்குள் தேய்கிறது என்று பொருள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோலத்தான்.

பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று. இவ்வளவு அழுத்தத்தில் குழாயில் ஊசித்துளை விழுந்தால், எண்ணெய் புகைபோல் பீறிடும்; சில நேரம் கண்ணுக்கே தெரியாது. எங்கே ஒழுகுகிறது என்று கையை வைத்துத் தடவினால் அது ஊசியைப் போலத் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் அதிகமிராது. ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்து டிராக்டருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், டிரைவர் அண்ணன்மார்கள் மறக்க வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு சோதனை. இதில்தான் எங்கள் துறையின் உயிரே இருக்கிறது. விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, காலை மடக்கி விரித்துப் பார்ப்போம். அப்போது கால்கதவு மூடுகிற வேகத்துக்கு மனித உடம்பு ஒரு பொருட்டேயில்லை. ஆகவே சுற்றிலும் கயிறு கட்டி, காதில் ஹெட்செட் மாட்டி, விமானி அறையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசிப் பேசித்தான் செய்வோம். அழுத்தம் ஏற்றி ஒவ்வொரு மூட்டிலும் கசிவு பார்ப்போம். நிமிடத்துக்கு எத்தனை சொட்டுவரை பொறுக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுவோம்.

அளவுமானியை நம்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரேக்குக்கு அவசரத் தேவைக்காக அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு குடுவை உண்டு, அக்குமுலேட்டர் என்பார்கள். ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். பம்பு ஓடும்போது அளவுமானி 3000 காட்டும். வாயு கசிந்து போயிருந்தாலும் அதே 3000-தான் காட்டும்! பம்பை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து எண்ணெய் அழுத்தம் முழுதும் இறங்கிய பிறகு முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் வாயுவின் உண்மையான அளவு. போயிங் 737-இல் அது சுமார் 1000 பவுண்டு இருக்க வேண்டும். நல்ல காலத்தில் எல்லாரும் நல்லவராகத் தெரிவார்கள் என்று என் பாட்டி சொல்லும், அந்த மாதிரி.

இப்படியெல்லாம் பார்ப்பது வீண் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், கனடாவின் டொராண்டோவிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் 330 விமானம் ஒன்று 306 பேருடன் அட்லாண்டிக் கடலின் மேல் பறந்துகொண்டிருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அதன் வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். வந்து சேர்ந்த எஞ்சின் பழைய அமைப்பு. அதில் பொருத்திய ஹைட்ராலிக் பம்பும் எரிபொருள் குழாயும் புதிய அமைப்பு. ஹைட்ராலிக் குழாய் மட்டும் பழையதாகவே இருந்துவிட்டது. புதியதும் பழையதும் அருகருகே வந்ததில் இரண்டு குழாய்க்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. வேலை செய்தவர்களுக்குச் சந்தேகம் வராமலும் இல்லை. தயாரிப்பாளரின் அறிக்கையைக் கணினியில் பார்க்க முயன்றார்கள், அது திறக்கவில்லை. வேலையை முடித்துவிட்டார்கள். பறக்கும்போது ஹைட்ராலிக் குழாய் எரிபொருள் குழாயை உரசி உரசிக் கடைசியில் அது வெடித்துக்கொண்டது. எரிபொருள் முழுதும் கடலில் போய், இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. ஏறக்குறைய 19 நிமிடம் எஞ்சினே இல்லாமல் மிதந்து வந்து அசோர்ஸ் தீவில் இறக்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. அது விமானிகளின் திறமை; அங்கே ஒரு தீவு இருந்தது அதிர்ஷ்டம். சந்தேகம் வந்த இடத்திலேயே வேலையை நிறுத்தியிருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1989 ஜூலை 19-இல் அமெரிக்காவில் யுனைட்டட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால் எஞ்சினின் சுழல்தட்டு வெடித்துச் சிதறியது. நம் மாஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் ஓட்டிய ரக விமானம்தான். தட்டிலிருந்த வெடிப்பு பரிசோதனையில் தப்பிவிட்டிருந்தது. அந்த விமானத்தில் ஒன்று போனால் இன்னொன்று என்று மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள். மூன்றின் குழாய்களும் வால்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் போனதால், சிதறிய துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன. மீதி இரண்டு எஞ்சினின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சூ சிட்டிவரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள், 112 பேர் மாண்டார்கள். அதன் பிறகு, எண்ணெய் மிதமிஞ்சி ஓடினால் தானாக மூடிக்கொள்ளும் வால்வை டிசி-10 விமானங்களில் பொருத்தினார்கள்.

இப்போது பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பையன் மெக்கானிக் ஆகிறேன் என்றால் "கையெல்லாம் எண்ணெயாயிடுமேப்பா, டாக்டருக்குப் படியேன்" என்று சொல்லுகிறோம். எண்ணெய் ஆகும், சோப்புப் போட்டால் போய்விடும். பெண்பிள்ளைகளும் தாராளமாக வரலாம். எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், அறிவியல் பாடங்கள், ஆங்கிலம் இவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும், அதில் சமாதானம் கிடையாது. பயிற்சிக் கழகத்தில் படித்து, தேர்வுகள் எழுதி, அனுபவமும் சேர்ந்த பிறகுதான் உரிமம். உரிமத்தை இந்நாட்டில் வழங்குவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்; 2018-க்கு முன்பு அது அரசாங்க இலாகாவாக இருந்தது. உரிமம் பெற்றவர் "இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், பயணிகள் வரிசையில் நின்று முணுமுணுத்தாலும், திருப்தி இல்லையென்றால் பேனாவைத் திறக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. விமானம் ஓட்டும் கட்டளையில் கோளாறு வரக்கூடிய வேலை என்றால் இன்னொருவர் தனியாக வந்து மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார். அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வகுப்பில் கணக்குப் போட்டு முடித்த பிறகும் திரும்ப ஒருமுறை சரிபார்க்கிற பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். "இவன் ரொம்ப மெதுவு" என்று அதற்குப் பெயர் வைத்துவிடுவோம். ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளின் பெயரை எனக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுத்தால் நல்லது. எங்கள் துறைக்கு அந்த ஆட்கள்தான் வேண்டும்.

சிரிஞ்சுகளை அறிவியல் அறையில் விட்டுப் போகிறேன். விழா முடிந்து விருப்பமுள்ளவர்கள் அழுத்திப் பார்க்கலாம். காற்று புகுந்த ஜோடியில் காற்றை எடுப்பது எப்படி என்று நீங்களே கண்டுபிடியுங்கள், நான் சொல்லமாட்டேன். குழாயை உயர்த்திப் பிடித்தால் குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். பரிசு வாங்கும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.