"ரெஃபர் பண்ணிட்டாங்க" என்றால் என்ன?



"பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க"ன்னு சொன்னாலே நம்ம வீடுகளில் அழுகை ஆரம்பித்துவிடும். கையை விரிச்சிட்டாங்கன்னுதான் நாம் அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். அது அர்த்தம் இல்லீங்க. இங்கே இல்லாத ரத்தமோ, ஆபரேஷன் வசதியோ, சிறப்பு டாக்டரோ இருக்கிற இடத்துக்கு, என்ன நோய், இதுவரை என்ன செய்தோம் என்று எழுதி அனுப்புவதுதான் ரெஃபர். வாயால் "போங்க"ன்னு சொல்வது ரெஃபர் ஆகாது.

அந்தச் சீட்டில்தான் விஷயமே இருக்கு. கர்ப்பிணிக்கு பிரஷர் ரொம்ப ஏறி வலிப்பு வரும்போல இருந்தால், வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்புவார்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு போட்டார்கள் என்று தெரிந்தால்தான் அங்கே இருக்கிற டாக்டர் அடுத்த ஊசியை முடிவு செய்வார். அந்த மருந்து அளவு மீறினால் மூச்சே அடங்கும். சீட்டு வாங்காமல் கிளம்பாதீங்க. படிக்கத் தெரியாதவர்கள் நர்ஸம்மாவை வாசித்துச் சொல்லச் சொல்லுங்க, கூச்சம் எதுக்கு?

ரெஃபர் என்றதும் வாடகைக் காருக்கு அலைகிறோமே, அதுவும் வேண்டாம். 108 வண்டி 2008-லிருந்து நம்ம மாநிலத்தில் இலவசமாக ஓடுது. வழியில் ஆக்சிஜன் கொடுக்க அதில் பயிற்சி பெற்ற ஆள் உண்டு.

கைச்செலவுக்குக் குழுவிலிருந்து அவசரக் கடன் கொடுக்கலாம். ஆனால் ராத்திரியில் கூட்டம் கூட்ட முடியுமா? எவ்வளவு, யார் கையால் கொடுப்பது என்று முன்னாடியே தீர்மான நோட்டில் எழுதி வைக்கணும். எழுதாத குழுக்கள் இந்த மாதக் கூட்டத்திலேயே எழுதிடுங்க.